டிவி முதலா, ஸ்பான்சர் முதலா? மாநிலக் கால்பந்து லீக்குகள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்குமா தொடங்காதா என்ற குழப்பம் 2025இல் மாதக்கணக்கில் நீடித்தபோது, அதற்குக் கீழே இருக்கும் மாநில லீக்குகளின் நிலை என்ன என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்தன. கிளப் நடத்துபவர்கள், சிறு நிறுவன உரிமையாளர்கள், ஆட்டக்காரர்கள் எனப் பல தரப்பினரும் எழுதியிருந்தார்கள். லீக் நிர்வாகம், நேரலைத் தயாரிப்பு, விளம்பர ஒப்பந்தம் ஆகியவற்றைக் கையாளும் எங்கள் விளையாட்டுப் பகுதிக் குழு பதில் தருகிறது.

சூப்பர் லீக் கேரளாவின் முதல் சீசனை ஸ்டார் ஸ்போர்ட்ஸில் பார்த்தோம். அடுத்த சீசனில் அங்கே தேடினால் இல்லை. ஒரு மாநில லீக்குக்கு நிலையான சேனல் ஏன் அமைவதில்லை?
– வாசகர், கூடலூர்

2024 செப்டம்பரில் கொச்சியில் தொடங்கிய முதல் சீசன் ஸ்டார் ஸ்போர்ட்ஸிலும் ஹாட்ஸ்டாரிலும் வந்தது. 2025 அக்டோபரில் தொடங்கிய இரண்டாவது சீசன் சோனி ஸ்போர்ட்ஸுக்கும் டிடி மலையாளத்துக்கும் போனது. ஆறு அணிகள், நல்ல கூட்டம், மஹிந்திரா போன்ற டைட்டில் ஸ்பான்சர் என்று எல்லாம் இருந்த லீக்குக்கே இந்த நிலை. மற்ற மாநிலங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம், மாநில லீக்குகளின் ஒளிபரப்பு ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரே ஒரு சீசனுக்குத்தான் போடப்படுகிறது. சேனலைப் பொறுத்தவரை மாலை ஏழரை மணி ஸ்லாட் என்பது கிரிக்கெட்டுக்கான இடம். அங்கே காலி இருந்தால்தான் கால்பந்து. அந்த ஆண்டின் கிரிக்கெட் அட்டவணை முடிவாகும்வரை சேனல் வாய் திறக்காது. 2024 நவம்பரில் ஸ்டாரும் வயாகாம்18உம் ஒன்றாக இணைந்த பிறகு நிலைமை இன்னும் இறுகிவிட்டது. முன்பு மூன்று கதவுகளைத் தட்டலாம். இப்போது தனியார் விளையாட்டு சேனல்களில் பெரிய கதவு இரண்டுதான்.

இதில் பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்கள் தங்கள் விளம்பர பட்ஜெட்டை ஏப்ரலில் நிதியாண்டு தொடங்குவதற்கு முன்பே பிரித்து வைத்துவிடும். லீக்குக்கோ சேனல் உறுதியாவது போட்டி தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போதுதான். அந்த நேரத்தில் ஸ்பான்சரைத் தேடிப் போனால் அவரிடம் மிஞ்சியிருப்பது சில்லறைதான். லீக் தரமில்லை என்பதால் பணம் வராமல் போவதைவிட, காலம் தப்பிக் கேட்டதால் வராமல் போவதே அதிகம்.

ஒப்பந்தம் கையில் இருந்தாலும் சீசன் நடுவில் அது குலைந்துபோகலாம். தேசிய அளவிலான ஐ-லீக்கின் 2018–19 சீசனில், சென்னை சிட்டி எஃப்சி சாம்பியன் ஆன அதே சீசனில், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் பாதி வழியில் ஒளிபரப்பும் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. கிளப்புகள் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தன. "எல்லா ஆட்டமும் டிவியில்" என்று சொல்லி ஸ்பான்சர் பிடித்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஐபிஎல்லுக்குச் சேனல்கள் கோடி கோடியாகக் கொடுக்கின்றன. மாநிலக் கால்பந்து லீக் மட்டும் சேனலுக்குப் பணம் கட்டுவதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகர், நாகர்கோவில்

உண்மைதான். ஐபிஎல்லின் 2023–27 உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மாநில லீக்கைப் பார்க்கக் கூடாது.

நடைமுறையில் மூன்று வகை ஒப்பந்தங்கள் உண்டு. சேனல் உரிமைத் தொகை கொடுத்து வாங்குவது முதல் வகை. மாநில அளவில் இது அபூர்வம். விளம்பர வருமானத்தைப் பங்கு போடுவது இரண்டாவது. மூன்றாவதில், லீக்கே சேனலின் நேரத்தை விலைக்கு வாங்கி, அந்த நேரத்துக்குள் வரும் விளம்பர நொடிகளைத் தானே விற்றுக்கொள்கிறது. மாநில லீக்குகள் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் வந்து நிற்கின்றன. இதுபோக ஓபி வேன் (மைதானத்தில் நிற்கும் தயாரிப்பு வண்டி), கேமரா, ரீப்ளே, கமென்டரி, அப்லிங்க் (படத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புவது) என்று தயாரிப்புச் செலவு முழுவதும் தனி. அதையும் லீக்தான் ஏற்க வேண்டும்.

ஆகவே, புதிதாக லீக் நடத்த வருபவர்கள் "டிவி வருமானம்" என்று பட்ஜெட்டில் ஒரு வரி எழுதினால் அதை அடித்துவிட்டு, "டிவி செலவு" என்று எழுதச் சொல்கிறோம். அந்தச் செலவை ஸ்பான்சர் பணத்தில் ஈடுகட்ட முடிந்தால் லீக் நிற்கும். முடியாதென்றால் சேனல் ஆசையை விட்டுவிட்டு இணைய நேரலைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

எங்கள் அணி மாநில அளவிலான லீக்கில் ஆடுகிறது. ஸ்பான்சரிடம் போனால் "டிவியில் வருமா? எழுத்தில் காட்டுங்கள்" என்கிறார். லீக்கில் கேட்டால் "ஸ்பான்சர் பணம் வந்தால்தான் சேனலுக்கு அட்வான்ஸ்" என்கிறார்கள். இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது?
– கிளப் நிர்வாகி, கோவை

தடுமாறும் லீக்குகள் எல்லாம் சிக்கும் இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதல் வேலை, டிவியைச் சாராத பொருள் எவை, டிவியைச் சார்ந்தவை எவை என்று பிரிப்பது. ஜெர்சியின் முன்பக்கம், ஸ்லீவ், பயிற்சி உடை, மைதான வாசல், டிக்கெட்டின் பின்பக்கம், ஆட்ட நாயகன் விருது, பள்ளிகளில் நடத்தும் பயிற்சி முகாம் ஆகியவை ஒளிபரப்பு இல்லாவிட்டாலும் ஸ்பான்சருக்குக் கிடைக்கும். எல்லைக்கோட்டு விளம்பரப் பலகை, ஸ்கோர் பட்டையில் லோகோ, இடைவேளை விளம்பரம் ஆகியவை கேமரா இருந்தால்தான் மதிப்புப் பெறும். இரண்டையும் ஒரே தொகையில் கட்டி விற்காதீர்கள். தனித்தனி விலை போடுங்கள். அப்போது டிவி வராவிட்டாலும் ஒப்பந்தம் முழுதாக முறிவதில்லை. இரண்டாவது பகுதி மட்டும் விழும்.

அடுத்தது, பணம் வரும் தவணை. கையெழுத்தின்போது 40 சதவீதம், முதல் ஆட்டம் நேரலையான பின் 40, சீசன் முடிந்து அறிக்கை கொடுத்ததும் 20 என்று வைக்கலாம். ஸ்பான்சருக்கும் பயம் குறையும். உங்களுக்கும் தொடக்கச் செலவுக்குக் கை இருக்கும். சேனல் மாறினால் என்ன, இணையத்தில் மட்டும் வந்தால் என்ன, ஒரு ஆட்டம் மழையால் தள்ளிப்போனால் என்ன என்று மூன்று நிலைகளுக்கும் எவ்வளவு கழிவு என்பதைத் தொகையாகவே எழுதிவிடுங்கள். "பின்னர் இரு தரப்பும் பேசி முடிவு செய்யும்" என்ற வாக்கியம் ஒப்பந்தத்தில் இருந்தால், பிரச்சினை வரும் நாளில் ஒரு ஒப்பந்தமும் இல்லை என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது, ஃபீட் (மைதானத்திலிருந்து வரும் நேரலைப் படமும் ஒலியும்) யாருடையது என்ற கேள்வி. தயாரிப்புச் செலவு லீக்குடையது என்றால், பதிவின் உரிமையும் லீக்குடையதாகவே இருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் ஏறிய ஃபீட் ஒன்று, எழுத்தும் லோகோவும் இல்லாத சுத்தமான ஃபீட் ஒன்று என இரண்டையும் பதிவு செய்து தரவேண்டும் என்று தயாரிப்பு நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள். சேனல் கடைசி நேரத்தில் விலகினால் அதே ஃபீடை இன்னொரு சேனலுக்கோ யூடியூப்புக்கோ அன்றே திருப்பிவிடலாம். "சேனல் உறுதியாகவில்லை, ஆனால் நேரலை உறுதி" என்று ஸ்பான்சரிடம் எழுத்தில் கொடுக்கக்கூடிய தைரியம் இதிலிருந்துதான் வரும். முடிச்சு அவிழ்வது இங்கேதான்: சேனல் பெயரை வாக்குக் கொடுக்காதீர்கள், நேரலையை வாக்குக் கொடுங்கள்.

பலகை விஷயத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. பிரதான கேமரா நிற்கும் பக்கத்திலேயே பெரிய தொகை கொடுத்தவரின் பலகையை நிறுத்திவிடுகிறார்கள். அது கேமராவில் ஒரு நொடிகூட வராது. பிரதான கேமராவுக்கு எதிர்ப்பக்கம், நடுக்கோட்டுக்கு இருபுறமும் உள்ள பலகைகள்தான் அதிக நேரம் தெரிபவை. கோலுக்குப் பின்னால் இருப்பவை ரீப்ளேயில் வரும். ஆட்ட விதி 1இன்படி நிற்கும் பலகைகள் பக்கக் கோட்டிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கோல் வலையிலிருந்தும் 1 மீட்டர். மைதானத் தரையிலும், கோட்டுக்கு வெளியே 1 மீட்டர் வரை உள்ள தரையிலும் விளம்பரம் கூடாது. கூர்மையான இரும்புச் சட்டத்தில் பலகை செய்து ஒரு விங்கர் வழுக்கி மோதினால், ஸ்பான்சர் லோகோ முன்னால் ஆள் ரத்தத்தோடு கிடக்கும் படம்தான் மறுநாள் சுற்றும். துணி ஒட்டிய நுரைப் பலகையோ, மோதினால் சாயும் பலகையோ போடுங்கள்.

கடைசியாக அட்டவணை. தேதியும் மைதானமும் மாறிக்கொண்டே இருக்கும் லீக்கை எந்தச் சேனலும் நம்பாது. 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக்கிலேயே பெரிய கிளப்புகள் வேறு போட்டிகளைக் காட்டி ஆட்டங்களைத் தள்ளிவைக்கக் கேட்பதும், ரிசர்வ் அணியை இறக்குவதும் நடக்கிறது. "டெர்பிக்கு (ஒரே ஊர்ப் பரம எதிரிகள் மோதும் ஆட்டத்துக்கு) முழு அணி வரும்" என்று நீங்கள் ஸ்பான்சருக்குச் சொல்லியிருந்தால், அது கிளப்புகளின் பங்கேற்பு ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும்.

சேனல் வேண்டாம், யூடியூப் நேரலை போதும் என்று முடிவு செய்துவிட்டோம். குறைந்த செலவில் பார்க்கும்படியாகச் செய்ய என்ன வேண்டும்?
– வாசகர், வியாசர்பாடி

குறைந்தது மூன்று கேமரா. நடுக்கோட்டுக்கு நேராக, உயரமான மேடையில் அகலமாகக் காட்டும் பிரதான கேமரா. அதன் பக்கத்திலேயே நெருக்கமாகக் காட்டும் இரண்டாவது. தரையில், பெனால்டி பகுதிக்கு அருகே மூன்றாவது. பிரதான கேமராவுக்கு ஆப்டிகல் ஜூம் கட்டாயம். செல்போனை வைத்து ஜூம் செய்தால் பந்து புள்ளியாகக் கரைந்துவிடும். மேடை மைதானத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கட்டும். மாலை வெயில் கேமராவின் முதுகுக்குப் பின்னால் விழும்.

மின்விளக்கில் ஆடும் ஆட்டமென்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா 60ஐ ஒட்டிய அமைப்பில் கிடந்தால் திரையில் பட்டை பட்டையாக வெளிச்சம் ஓடும். பந்து வேகமாகப் போவதால் 1/100 நல்லது. விளக்கு மங்கலான மைதானங்களில் கெயினை (கேமராவின் ஒளி உணர்வை) ஏற்றினால் படம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் ஆட்டத்தைப் பகலுக்கு மாற்றுவதே வழி.

எச்டிஎம்ஐ கேபிள் 10–15 மீட்டரைத் தாண்டினால் சிக்னல் விட்டு விட்டு வரும். நீண்ட தூரம் தாங்கும் எஸ்டிஐ கேபிள் போடுங்கள். மைதானம் 105 மீட்டர் நீளம் என்பதால், கோலுக்குப் பின்னால் கேமரா வைக்க வேண்டுமென்றால் ஃபைபரோ வயர்லெஸ் கருவியோ தேவைப்படும். கூட்டம் நடக்கும் பாதையில் கேபிளைத் தரையில் விடாதீர்கள். பாதிப் போட்டியில் படம் கறுத்துப்போவதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

இணையம்: 1080பி படத்துக்கு 6 முதல் 8 எம்பிபிஎஸ் வரை அனுப்புவீர்கள்; அப்லோட் வேகம் அதைப்போல் இரு மடங்கு நிலையாக இருக்க வேண்டும். முந்தைய நாள் காலி மைதானத்தில் மொபைல் டாங்கிளில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மறுநாள் ஐயாயிரம் பேர் அதே டவரில் ஸ்டோரி போடும்போது வேகம் சரிந்துவிடும். பிரதான இணைப்பு வயர் வழி வருவதாக இருக்கட்டும். மாற்றுக்கு இரண்டு வெவ்வேறு நிறுவன சிம்கள். எது போனாலும், என்கோடருக்கு (படத்தை இணையத்துக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் கருவிக்கு) முன்பே மெமரி கார்டில் பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

புது யூடியூப் சேனல் என்றால் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். ஆட்ட நாளன்று காலையில் சேனல் தொடங்கிவிட்டுத் திண்டாட வேண்டாம். இன்னொன்று மிக முக்கியம்: இடைவேளையில் மைதான ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு போட்டால், கேமரா மைக் அதைப் பிடிக்கும், பதிப்புரிமைக் கோரிக்கை வரும், நேரலையே நின்றுபோகலாம். ஸ்பான்சரின் லோகோவோடு சேர்ந்து எல்லாமும் நிற்கும். உள்ளூர்ப் பறை, செண்டை, ரசிகர்களின் கோஷம் போதும். கமென்டரி மைக்கையும் கூட்டத்தின் சத்தத்தையும் தனித்தனி டிராக்கில் எடுங்கள். பின்னால் ஹைலைட்ஸ் வெட்டும்போது கைகொடுக்கும்.

யுபிஎஸ், ஜெனரேட்டருக்கு டீசல், மேடைக்கு மழைத் தார்ப்பாய். அக்டோபர், நவம்பரில் ஆடினால் இவை மூன்றும் இல்லாமல் நேரலை என்ற பேச்சே கூடாது.

எனக்கு ஒரு சிறு தொழிற்சாலை இருக்கிறது. லீக் நடத்துபவர்கள் ஐந்து லட்சம் ஸ்பான்சர் கேட்டு, "சிஎஸ்ஆர் கணக்கில் காட்டிக்கொள்ளலாம்" என்கிறார்கள். சரியா?
– வாசகர், திருச்சி

சரியில்லை. 2021இல் திருத்தப்பட்ட சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) விதிகள், தன் பொருளுக்கு விளம்பர ஆதாயம் பெறும் வகையில் ஒரு நிறுவனம் கொடுக்கும் ஸ்பான்சர் தொகையைத் தெளிவாகவே விலக்கியிருக்கின்றன. சிஎஸ்ஆர் பட்டியலில் விளையாட்டுக்கு இருக்கும் இடம், கிராமப்புற, ஒலிம்பிக் விளையாட்டுகள் முதலியவற்றுக்கான பயிற்சிக்குத்தான். லீக்கோடு சேர்ந்த சிறுவர் பயிற்சி மையத்துக்கு, ஜெர்சியில் உங்கள் பெயர் இல்லாமல், தனி ஒப்பந்தத்தில் கொடுத்தால் அது வேறு கதை. சிஎஸ்ஆர் கடமை நிகர மதிப்பு, விற்றுமுதல், லாப வரம்புகளைத் தொட்ட கம்பெனிகளுக்கே உண்டு என்பதையும் பாருங்கள். உங்களுக்கு அது பொருந்தாமலே இருக்கலாம்.

ஸ்பான்சர் தொகையை விளம்பரச் செலவாகக் காட்டுவதே நேர்வழி. 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. லீக் நடத்துவது கம்பெனியா, பதிவுபெற்ற சங்கமா என்று கேளுங்கள். கம்பெனி என்றால், 2025 ஜனவரி 16 முதல் அவர்களே வரி போட்டுப் பில் தர வேண்டும். சங்கமாக இருந்து நீங்கள் கம்பெனியாக இருந்தால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரி கட்டும் பொறுப்பு உங்கள் தலையில். ஐந்து லட்சம் என்று நினைத்துக் கையெழுத்திட்டு, மேலே 90 ஆயிரம் வந்து நிற்கும்போது சண்டை வருவது இதனால்தான். டிடிஎஸ் பிடிப்பதையும் ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் லீக்கிடம் மூன்று காகிதம் கேளுங்கள்: மாநிலச் சங்கத்தின் அனுமதிக் கடிதம், மைதானங்களின் முன்பதிவு ரசீது, தயாரிப்பு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம். சேனலின் லோகோ போட்ட பிரசென்டேஷன் ஆதாரமாகாது.

ஐஎஸ்எல் குழப்பம் மாநில லீக்கைப் பாதிக்குமா? அது வேறு, இது வேறு இல்லையா?
– வாசகர், சென்னை

வேறுதான், ஆனால் இரண்டும் ஒரே ஸ்பான்சர் சந்தையில்தான் பணம் தேடுகின்றன. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010 டிசம்பரில் போட்ட 15 ஆண்டு, 700 கோடி ரூபாய் வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. அதற்கு முன்பே, ஜூலையில், ஐஎஸ்எல்லின் நடத்துநரான எஃப்எஸ்டிஎல் நிறுவனம் அடுத்த சீசனை நிறுத்திவைப்பதாகக் கிளப்புகளுக்குச் சொல்லிவிட்டது. புதிய டெண்டரில் ஆண்டுக்கு 37.5 கோடி அல்லது மொத்த வருவாயில் 5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது குறைந்தபட்சத் தொகை என்று கேட்டார்கள். நவம்பர் 7 கெடுவுக்குள் ஒரு ஏலம்கூட வரவில்லை. சென்னையின் எஃப்சி உட்படக் கிளப்புகள் வேலையை நிறுத்திவைத்தன. கடைசியில் 2026 பிப்ரவரி 14இல், சுருக்கப்பட்ட சீசனாகத்தான் பந்து உருண்டது.

வருமானம் எவ்வளவு வரும் என்று தெரியாத லீக்கில் உத்தரவாதத் தொகையை முதலில் கேட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பது மாநிலச் சங்கங்கள் கவனிக்க வேண்டிய இடம். உரிமைத் தொகையைக் குறைத்து, லாபத்தில் பங்கு கேட்பதே அவர்களுக்கு நல்லது.

இன்னொரு பக்கம், 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் செயலிகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்தது. டிரீம்11 இந்தியக் கிரிக்கெட் அணியின் ஜெர்சியிலிருந்தே விலகியது. விளையாட்டு ஸ்பான்சர் சந்தையில் தாராளமாகச் செலவழித்த ஒரு துறையே காணாமல் போய்விட்டது. இப்போது "செய்தித் தளம்" என்ற பெயரில் பந்தய நிறுவனங்கள் சிறு லீக்குகளை அணுகினால் தொடாதீர்கள். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறையோ 50 லட்சம்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. புகையிலைப் பொருள் ஸ்பான்சர்ஷிப் 2003 சட்டத்திலிருந்தே தடை.

சிமென்ட், நகைக்கடை, மருத்துவமனை, தனியார் கல்லூரி, மசாலா நிறுவனம் என்று மாநிலத்துக்குள் விற்பவர்களைத் தேடுங்கள். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட்டைத் தாங்கி நின்றதும் சங்கர் சிமென்ட், ஸ்ரீராம் போன்ற தென்னிந்தியப் பெயர்கள்தான். மும்பையில் இருக்கும் பிராண்ட் மேலாளருக்கு உங்கள் மாவட்டம் ஒரு எண். உங்கள் ஊர்க் கடைக்காரருக்கு அது வாடிக்கையாளர்.

தனியார் சேனல் போடாவிட்டால் தூர்தர்ஷன் கட்டாயம் ஒளிபரப்ப வேண்டும் என்ற சட்டம் இருக்கிறதாமே?
– வாசகர், சேலம்

இல்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய முக்கியத்துவம் என்று அறிவிக்கப்பட்ட போட்டிகளின் சிக்னலைத் தனியார் சேனல் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்கிறது. விளம்பர வருமானத்தில் 75 பங்கு உரிமையாளருக்கு, 25 பிரசார் பாரதிக்கு. உள்நாட்டுக் கால்பந்தில், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியின் அரையிறுதியும் இறுதியும் அந்தப் பட்டியலில் உண்டு. மாநில லீக்குகள் இல்லை. தூர்தர்ஷனை நீங்களாக அணுகலாம். சூப்பர் லீக் கேரளா டிடி மலையாளத்துக்குப் போனதும் அப்படித்தான், சட்டத்தால் அல்ல.

தூத்தூர் பகுதியில் ஆடும் நடுக்களக்காரன் நான். ஆட்டங்கள் டிவியில் வராததால் என் விளையாட்டை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. ஏதாவது வழி உண்டா?
– ஆட்டக்காரர், கன்னியாகுமரி மாவட்டம்

உங்கள் கரையோர ஊர்களிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் வரை போயிருக்கிறார். தேர்வாளர்களுக்கு ஒளிபரப்புத் தரம் முக்கியமல்ல. உயரத்திலிருந்து, முழு மைதானமும் தெரியும்படி ஒரே கேமராவில் எடுத்த முழு ஆட்டம் போதும். பந்து இல்லாதபோது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் நடுக்கள ஆட்டக்காரரிடம் பார்ப்பார்கள். அது நெருக்கமான படத்தில் தெரியாது.

மூன்று முழு ஆட்டப் பதிவு, அதோடு நான்கு நிமிடத்துக்கு மிகாத தொகுப்பு ஒன்று தயார் செய்யுங்கள். தொகுப்பில் கோல்களை மட்டும் அடுக்காமல், பந்தைப் பறித்தது, இடது காலால் கொடுத்த பாஸ், தவறு செய்தபின் ஓடிவந்து மீட்டது ஆகியவற்றையும் சேருங்கள். ஒவ்வொரு துண்டும் தொடங்குமுன் உங்களை ஒரு வட்டமிட்டுக் காட்டுங்கள். தேதி, எதிரணி, ஜெர்சி எண், உயரம், எந்தக் கால், பிறந்த ஆண்டு முதல் திரையில் இருக்கட்டும். பின்னணிப் பாட்டு வேண்டாம்.

லீக்கின் நேரலையிலிருந்து துண்டு எடுப்பதாக இருந்தால் லீக்கிடம் ஒரு மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கிளப்போடு கையெழுத்திடும் முன், உங்கள் ஆட்டப் பதிவை உங்களுக்குத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சீசன் முடிந்தபின் கேட்டால் அந்த ஹார்ட் டிஸ்க் யாரிடம் இருக்கிறது என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.